சிலிக்கோன் வெதுப்பச்சுக்களிற் படியும் கறையும் அதனை நீக்கும் முறையும்

தகரத் தட்டும் அலுமினியத் தட்டுமே இருந்த சமையலறைகளில் இன்று சிலிக்கோன் அச்சுக்களும் இடம்பெற்றுள்ளன. கேக்கு, புடிங்கு, வட்டிலப்பம் முதலியவற்றைச் செய்து விற்கும் பெண்கள் இவற்றைப் பெரிதும் விரும்புவர். பண்டம் உடையாது கழன்று வருதலே இதற்குக் காரணம். ஆயினும் சில மாதப் பாவனையின் பின் அச்சு பழுப்பேறிக் கையில் ஒட்டத் தொடங்குகின்றது. பழைய பண்டத்தின் மணம் புதிய பண்டத்தில் ஏறுகின்றது. மீன் மணக்கும் பட்டர் கேக்கை எவரும் இரண்டாம் முறை வாங்கார். இந்நிலையில் அச்சைச் சுரண்டிப் பழுதாக்குவோரும், நல்ல அச்சைப் பயனற்றதென எறிந்துவிடுவோரும் உளர். கறை எத்தன்மையது என்பதை அறிந்துகொண்டால் இவ்விரு நட்டங்களையும் தவிர்க்கலாம்.

சிலிக்கோன் என்பது சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறி இணைந்த நீண்ட சங்கிலிகளாலான ஒருவகை இறப்பராகும். இறப்பர் மரத்தின் பாலுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. போறணையின் 200 பாகை செல்சியசு வெப்பத்தை இது இலகுவிற் தாங்கும். நீர் இதில் ஒட்டாது உருண்டோடும். ஆனால் எண்ணெயை இது விலக்குவதில்லை. எண்ணெயையும் எண்ணெயிற் கரைந்த நிறத்தையும் மணத்தையும் சிறிது சிறிதாக உள்வாங்கும். தொல்லை யாவும் இக்குணத்தினின்றே தொடங்குகின்றன.

எண்ணெய்ப் பிசின்

அச்சிற் காணப்படும் பழுப்புநிற ஒட்டல் பெரும்பாலும் அழுக்கன்று. அது பிசினாக மாறிய எண்ணெயாகும். ஆளிவிதை எண்ணெய் பூசிய பலகை காற்றில் உலர்ந்து மினுங்குவதைப் பலரும் கண்டிருப்பர். அவ்வாறே அச்சிற் தங்கிய எண்ணெயும் வெப்பத்தினாலும் காற்றின் ஒட்சிசனாலும் தடித்துப் பிசினாகின்றது. எல்லா எண்ணெய்களும் ஒரே அளவில் இவ்வாறு மாறுவதில்லை. சோயா எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் விரைவிற் பிசினாகும். நல்லெண்ணெய் அவற்றிலும் சற்றுத் தாமதிக்கும். தேங்காயெண்ணெய் மிகக் குறைவாகவே மாறும். ஆகவே அச்சுக்கு எண்ணெய் தடவ வேண்டியவிடத்துத் தேங்காயெண்ணெயை மெல்லியதாகத் தடவுதல் நன்று. விசிறும் எண்ணெய்க் குப்பிகள் வசதியானவையெனினும் அவற்றிற் கலந்துள்ள லெசிதின் என்னும் பொருள் விடாப்பிடியான பிசினைத் தருவதால், சிலிக்கோனுக்கு அவை ஏற்றவையல்ல.

பிசினை வெறும் நீரோ குளிர்ந்த சவர்க்கார நீரோ அகற்றாது. வெப்பம், காரம், நேரம் ஆகிய மூன்றும் சேர்தல் வேண்டும். காரமானது கொழுப்பை வெட்டி நீரிற் கரையும் சவர்க்காரமாக்கும். இளம் படிவுக்கு அப்பச்சோடா போதும். ஓர் இலீற்றர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, அச்சை முற்றாக அமிழ்த்தி, அரை மணித்தியாலம் விட்டு, மென்மையான பஞ்சினாற் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். மூலைகளுக்கு மூன்று பங்கு சோடாவும் ஒரு பங்கு நீரும் குழைத்த பசையைப் பூசலாம்.

முற்றிய பிசினுக்குச் சலவைச் சோடா வேண்டும். இதனை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம். அப்பச்சோடாவைத் துருவேறா உருக்குத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 200 பாகை செல்சியசு போறணையில் ஒரு மணித்தியாலம் வைத்தால், அது காபனீரொட்சைட்டையும் நீராவியையும் இழந்து சலவைச் சோடாவாகும். நிறையும் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையும். இதில் ஒரு மேசைக்கரண்டியை ஓர் இலீற்றர் சுடுநீரிற் கரைத்து அச்சை ஒரு மணித்தியாலம் ஊறவிடலாம். கையுறை அணிதல் அவசியம். அலுமினியப் பாத்திரத்தில் இதனைச் செய்தலாகாது. சோடா அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும்.

கழுவிய அச்சை நன்கு உலரவிட்டு விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். விரல் ஒட்டினால் எண்ணெய் எஞ்சியுள்ளது, மீண்டும் ஊறவிடுக. ஈரமான அச்சில் இச்சோதனை பிழையான முடிவையே தரும்.

அப்பச்சோடாவின் மேல் வினாகிரியை ஊற்றி நுரைக்கச் செய்யும் வழக்கமும் பரவியுள்ளது. நுரை கண்ணுக்கு இனிது. ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் எஞ்சுவது பயனற்ற உப்புநீரே. இரண்டிற்கும் வேலையுண்டு, ஆனால் வெவ்வேறு வேலை.

மஞ்சட் கறையும் வெண்படலமும்

மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயிற் கரைவதாதலால் சிலிக்கோனுக்குள் ஆழமாகச் செல்லும். அதன்மீது சோடா நீர் பட்டதும் மஞ்சள் செந்நிறமாகும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காரம் பட்ட மஞ்சளின் இயல்பு அது. குங்குமம் செய்யும் முறையை அறிந்தோர்க்கு இது புதியதன்று. முதலில் எண்ணெயை நீக்கிக் கழுவியபின் அச்சை உட்புறம் மேலாக நல்ல வெயிலில் ஓரிரு நாள் வைத்தால் நிறம் பெரும்பாலும் வெளிறிவிடும். இக்கறைக்கு வெயிலைவிட மலிவான மருந்து கிடையாது.

யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களின் கிணற்று நீர் வன்மையானது. அங்கே அச்சில் வெண்மையான தூசுப் படலம் காணப்படும். இது எண்ணெயன்று, சுண்ணாம்பு. சோடாவுக்கு இது அசையாது. ஒரு பங்கு வினாகிரியும் மூன்று பங்கு நீரும் கலந்தோ, தேசிக்காய்ச் சாற்றினாலோ துடைக்கப் போய்விடும். வன்னீரிற் சவர்க்காரம் திரைந்து அச்சில் ஒட்டுமாதலால், அங்குள்ளோர் திரவக் கழுவியைப் பயன்படுத்துதல் நலம்.

மணம்

எண்ணெய் முற்றாக நீங்கிய அச்சை வெறுமையாக 150 பாகை செல்சியசு போறணையில் இருபது நிமிடம் வைத்தால் தங்கிய மணம் ஆவியாகிப் போகும். யன்னல்களைத் திறந்து வைத்தல் வேண்டும். எண்ணெயுடன் சூடாக்கினால் பிசின் மேலும் இறுகுமாதலால், கழுவுமுன் இதனைச் செய்தலாகாது. விற்பனைக்குக் கேக்கு செய்வோர் மீனுக்கும் இறைச்சிக்கும் வேறு அச்சு வைத்திருத்தலே சிறந்த வழி.

தவிர்க்க வேண்டியவை

இரும்புத் தும்பு, மணல், சாம்பல் ஆகியன மேற்பரப்பைக் கீறும். அக்கீறல்களில் எண்ணெய் முன்னையிலும் விரைவாகப் படியும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் பிசினைக் கரைப்பன போலத் தோன்றினும் சிலிக்கோனை ஊதச் செய்து உள்ளே தங்கிவிடும். அவை பட்ட அச்சில் உணவு ஆக்குதல் கூடாது. போறணை கழுவும் எரிசோடாத் திரவங்களும் சிலிக்கோனை அரிக்கும். வெளிற்றும் திரவத்தை எவ்வகையிலும் வினாகிரியுடனோ தேசிக்காய்ச் சாற்றுடனோ சேர்த்தலாகாது. அப்பொழுது எழும் குளோரீன் வாயு சுவாசத்துக்குப் பெருந்தீங்கு விளைக்கும்.

இவையெல்லாம் செய்தபின்னும் நிறம் மட்டும் எஞ்சியிருக்குமாயின் அவ்வச்சைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். கத்தி பட்டுக் கிழிந்த அச்சையும், வெடித்து உதிரும் அச்சையும், இருமுறை சலவைச் சோடாவில் ஊறியும் ஒட்டல் நீங்காத அச்சையும் உணவுக்குப் பயன்படுத்தாது விலக்கிவிடல் வேண்டும்.