தலைவலியும் தமனியும்

நுழையும்முன்

நோயின் காரணத்தை ஆராய்ந்தபின் மருந்தைத் தேர்வதே மருத்துவ நெறி. ஒற்றைத் தலைவலியின் காரணத்தைத் தேடிய அறிவியல், தமனியின் சுவரில் ஒரு விடையைக் கண்டது. அவ்விடை நலத்தையும் எச்சரிக்கையையும் ஒருங்கே தருகிறது.

பொழுது புலருமுன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் புறப்படுகின்றன. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தொழிலாளர்கள் ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். உறக்கக் குறைவு, தள்ளிப்போகும் உணவு, கண்கூசும் வெயில், கடுமையான மணம் ஆகியவை ஒற்றைத் தலைவலியைத் தூண்டவல்லவை. தலையின் ஒரு பக்கம் தெறிக்கும் வலி, குமட்டல், ஒளியையும் ஒலியையும் தாங்க இயலாமை ஆகியன இதன் அறிகுறிகள். வலி பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால், வேலைக்கு அஞ்சிச் சொல்லும் சாக்கு எனச் சிலர் எண்ணிவிடுகின்றனர். அது சாக்கன்று, மூளையும் நரம்பும் குருதிக்குழாயும் தொடர்புடைய நோய்.

தானியத்தில் பிறந்த மருந்து

கம்புக் கதிரில் தேன்போன்ற நீர் வடிவதைத் 'தேன் ஒழுகல் நோய்' என்பர். அதனை உண்டாக்கும் பூஞ்சையின் இனத்தைச் சேர்ந்த மற்றொன்று ரை என்னும் தானியத்தில் வளர்கிறது. அதிலிருந்து 1918இல் ஆர்தர் ஸ்டோல் எர்கோட்டமைனைப் பிரித்தெடுத்தார். அம்மருந்தைச் செலுத்தியதும் நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்புத் தணிந்து வலி குறைவதை, 1938இல் கிரகாம், வுல்ஃப் ஆகியோர் பதிவுசெய்தனர். எனினும், அது உடலின் பிற குருதிக்குழாய்களையும் நெடுநேரம் சுருக்கியது.

பூட்டும் திறவுகோலும்

1948இல் குருதியிலிருந்து செரோடோனின் பிரித்தெடுக்கப்பட்டது. திறவுகோல் தனக்குரிய பூட்டில் பொருந்துவதுபோல, இது உயிரணுக்களிலுள்ள ஏற்பிகளில் பொருந்திச் செயல்படுகிறது. மூளையுறைத் தமனிகளின் தசைச்சுவரில் '1பி' ஏற்பிகள் உள்ளன. அவற்றைத் தூண்டினால் விரிந்த தமனி சுருங்கும். முக்கிளை நரம்பின் முனைகளில் '1டி' ஏற்பிகள் உள்ளன. அவற்றைத் தூண்டினால், வலிக்குக் காரணமான வேதிப்பொருள்களின் கசிவு குறையும். பேட்ரிக் ஹம்ப்ரேயின் குழுவினர் உருவாக்கி, 1991இல் பயன்பாட்டுக்கு வந்த சுமாட்ரிப்டான் இவ்விரு பணிகளையும் செய்கிறது.

மருந்தின் எல்லை

'1பி' ஏற்பிகள் இதயத் தமனிகளிலும் உண்டு. எனவே, இதயத் தமனி நோயோ பக்கவாதமோ கட்டுக்குள் வராத குருதி அழுத்தமோ உடையோர் இம்மருந்தை உண்ணலாகாது. எர்கோட்டமைன் உண்ட 24 மணி நேரத்திற்குள் இதனை உண்பதும் தீங்கு. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து உண்டால், மருந்தே தலைவலியை வளர்க்கும். திடீரெனத் தாக்கும் கடும் தலைவலி, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றின் மாத்திரையைத் தேடாமல் மருத்துவமனையை நாட வேண்டும். மலைச்சரிவிலிருந்து இறங்கவே நேரமாகும். தயக்கத்தில் மேலும் நேரத்தை இழத்தல் கூடாது. ஒருவருக்குத் தணிவு தந்த மாத்திரை, அருகிலிருப்பவருக்கு ஆபத்தாகலாம். ஆதலால், மருத்துவரிடம் தம் உடல்நிலையை முழுமையாகக் கூறிய பின்னரே மருந்தை உண்பது அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

தமனி விரிவதே ஒற்றைத் தலைவலிக்கு முழுக்காரணம் என்னும் கருத்து இன்று மாறியுள்ளது. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லாஸ்மிடிட்டான் '1எஃப்' ஏற்பியில் செயல்பட்டு, தமனியைச் சுருக்காமலேயே வலியைத் தணிக்கிறது.