எரிமலை வேண்டாம், நுரை போதும்

கேள்வி: என் மகள் நாலாம் வகுப்பு. பிப்ரவரி 28 அறிவியல் தினத்துக்குப் பள்ளியில் கண்காட்சி. எல்லாரும் தெர்மாகோல் எரிமலைதான் செய்கிறார்கள். வேறு என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: எரிமலையைப் பெரும்பாலும் அப்பாக்கள்தான் செய்கிறார்கள், பிள்ளை பக்கத்தில் நின்று பசை எடுத்துக் கொடுக்கும். உங்கள் வீட்டுக் குழாயிலேயே நல்ல கேள்வி இருக்கிறது: உப்புத் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை?

ஒரே அளவுள்ள மூன்று பாட்டில்கள். ஒன்றில் உப்பான போர்த் தண்ணீர், ஒன்றில் மேட்டூரிலிருந்து வரும் குடிநீர், ஒன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சோப்புச் சீவல். (குளியல் சோப்புதான் வேண்டும், சலவைத்தூள் உப்புத் தண்ணீரிலும் நுரைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடும்.) இருபது குலுக்கு. நுரையின் உயரத்தை ஸ்கேலால் அளக்கட்டும். குலுக்கும் முன்பே, எது ஜெயிக்கும் என்று அவளே ஊகித்து எழுதட்டும். ஊகம் தப்பினால் அழிக்க விடாதீர்கள். மூன்று நாள் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

தண்ணீரில் கரைந்த கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கசடாகிவிடுவதுதான் காரணம். துணிக்குச் சாயம் போடுகிறவர்களையும் கேளுங்கள், தங்கள் வேலைக்கும் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று சொல்வார்கள். அவர்கள் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

கண்காட்சியன்று மனப்பாடப் பேச்சு வேண்டாம். வருகிறவர் கையில் பாட்டிலைக் கொடுத்து, "நீங்களே குலுக்குங்க சார்" என்று சொன்னால் போதும்.