வெளியே காயமில்லை, உள்ளே இரத்தம்

செம்பனைக் காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்குகிறது. ஹேண்டல் வயிற்றில் குத்துகிறது. ஆள் தானாகவே எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லண்ணே, மூச்சுதான் அடைச்சிருச்சு" என்கிறார். ஒரு கீறல்கூட இல்லை. நாமும் தேநீர் கொடுத்து, வயிற்றில் தைலம் தேய்த்து, வீட்டுக்கு அனுப்பி விடுகிறோம். தோழர்களே, இங்கேதான் உயிர் போகிறது.

விலா எலும்பின் அடியில் வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் மண்ணீரல். இரண்டும் இரத்தம் நிறைந்த மென்மையான உறுப்புகள். பலமாக அடிபட்டால் கிழிந்து, இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும்.

இதைக் கண்டுபிடிக்க, கர்ப்பிணிப் பெண்களுக்குப் பிள்ளையைப் பார்க்கிறார்களே, அதே ஸ்கேன் உதவுகிறது. இப்போது கையில் அடங்கும் அளவிலேயே வந்துவிட்டது. நம் காதுக்குக் கேட்காத ஒலி உடம்புக்குள் போய், எதிரொலித்துப் படமாகிறது. தேங்கிய இரத்தம் கறுப்பாகத் தெரியும். பழகியவர்கள் கல்லீரல், மண்ணீரல், சிறுநீர்ப்பை, இதயம் ஆகிய நான்கு இடங்களையும் சில நிமிடங்களில் பார்த்து விடுவார்கள். 2006-இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு ஒன்றில், 202 பேரை விபத்து நடந்த இடத்திலேயே இப்படிப் பார்த்தார்கள். மருத்துவமனை ஸ்கேனைவிடச் சராசரி 35 நிமிடம் முன்னதாகவே விவரம் கிடைத்தது. எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதைக்கூடச் சிலருக்கு அதை வைத்தே மாற்றினார்கள்.

ஆனால் எல்லா ஆம்புலன்சிலும் இந்தக் கருவி இருக்காது. இருந்தாலும் கொஞ்சமாகக் கசியும் இரத்தம் முதலில் தெரியாது. முதுகுப்பக்க ஆழத்தில் கசிவதும் தப்பிவிடும். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாமே" என்று, டாக்டர் போகச் சொல்லுமுன் ஆளை அழைத்து வந்துவிடாதீர்கள். ஸ்கேனுக்காக வண்டியைத் தாமதிக்கவும் கூடாது. கருவி காட்டித்தான் கொடுக்கும். கசிவை நிறுத்துவது மருத்துவமனையில்தான்.

முகம் வெளுக்கிறதா? குளிர்ந்த வியர்வை, வேகமான நாடி, தாகம், இறுகிய வயிறு? இடது தோளில் அடியே படவில்லை, ஆனாலும் அங்கே வலிக்கிறதா? மண்ணீரல் இரத்தம் மேலே உறுத்தினால் அப்படி வலிக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 999-ஐ அழையுங்கள். படுக்க வையுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம். வயிற்றைத் தேய்க்கவே வேண்டாம். தோட்டத்துப் பாதை பல கிளையாகப் பிரியுமல்லவா? ஓர் ஆளைப் பெரிய ரோட்டுக்கு அனுப்பி, ஆம்புலன்சுக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எதில் அடிபட்டது என்பதை வருகிறவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.