தேனீ கிளையை முறிப்பதில்லை



குர்ஆனின் 16-வது அத்தியாயம் தேனீயின் பெயரால் அமைந்தது: அந்நஹ்ல். அதன் 69-வது வசனம், தேனில் மனிதர்களுக்கு நோய் நிவாரணம் இருப்பதாகச் சொல்கிறது.

ஒரு கூட்டில் ஒரு ராணி, சில நூறு ஆண் ஈக்கள், ஆயிரக்கணக்கில் வேலைக்காரத் தேனீக்கள். பூவின் இனிப்பு நீரை வயிற்றுப் பையில் சுமந்து வந்து, வாய்க்கு வாய் மாற்றி, சிறகடித்து நீரை வற்ற வைத்து, மெழுகால் மூடுகின்றன. பூக்காலத்தில் அதன் ஆயுள் ஆறேழு வாரம். ஆயுள் முழுதும் சேர்ப்பது ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது, அதுவும் கூட்டுக்கே.

1991-92-ல் வைரஸ் நோய் பரவியபோது மார்த்தாண்டம் பக்கம் பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் மடிந்தன. அது மனிதன் கையில் இல்லை. ஆனால் நம் கரிசல் காட்டுப் பருத்தியில், பூ விரிந்திருக்கும் பகல் பொழுதில் மருந்தடிப்பது நம் கையில்தானே இருக்கிறது? அவசியமானால் தேனீ கூடு திரும்பிய பிறகு, சாயங்காலம் அடியுங்கள். செலவு கூடாது; நேரம்தான் மாறும்.

நபி (ஸல்) அவர்கள் முஃமினைத் தேனீக்கு ஒப்பிட்டார்கள்: நல்லதை உண்ணும், நல்லதைத் தரும், அமர்ந்த கிளையை முறிக்காது. நம் கிளையை முறிக்காத அந்த உயிரின் கூட்டை நாம் காலியாக்கலாமா?

பிறருக்குப் பயன் தருபவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.