குழியில் எழுந்த குரல்

சகோதரர்கள் யோசேப்பைக் குழியில் தள்ளியபோது அவன் என்ன சொன்னான்? ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் இதற்கு விடை இல்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 42ஆம் அதிகாரத்தில், மனச்சாட்சி உறுத்திய அந்தச் சகோதரர்களே அதை வெளியிடுகிறார்கள்: அவன் மனவியாகுலத்தோடு கெஞ்சினான், அவர்கள் செவிகொடுக்கவில்லை. ஆக, விசுவாச வீரன் என்று நாம் போற்றும் அவனும் கதறியிருக்கிறான். நோய்ப்படுக்கையில் சிந்தும் கண்ணீரை அவிசுவாசமென்று எண்ணி மறைப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் இப்பகுதியை வாசிப்பது நலம்.

17 வயதினனாயிருந்த அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பார்வோன் முன் நின்றபோது அவனுக்கு வயது 30. இடையில் அடிமைத்தனம், பொய்ப்பழி, சிறை. அவனால் ஆறுதல் பெற்ற பானபாத்திரக்காரனும் விடுதலையானபின் அவனை மறந்தான். மேலும் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. போத்திபாரின் வீட்டிலும் சிறையிலும் கர்த்தர் அவனோடே இருந்தார் என்று வேதம் கூறுகிறது. ஆயினும் ‘ஏன்’ என்பதை அங்கே அவனுக்கு எவரும் விளக்கியதாகக் காணோம்.

தகப்பன் இறந்தபின் பழிவாங்குவானோ என்று சகோதரர்கள் அஞ்சினார்கள். யோசேப்பு அவர்கள் செய்ததைத் தீமை என்றே சொன்னான், மழுப்பவில்லை. நோயுற்ற வேளையில் நெருங்கியவர்கள் கைவிட்டால், அதை நன்மையென்று நாமும் பூசிமெழுக வேண்டியதில்லை. அவர்கள் எண்ணியது தீமை. அதனூடே தேவன் எண்ணியதோ திரளான ஜனங்களின் உயிரைக் காப்பது. அவன் கண்ட வேறுபாடு இதுவே. பின்பு அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் பராமரிப்பதாக வாக்களித்து, அன்பாய்ப் பேசி அனுப்பினான்.