மாத்திரைக்குச் சாகாதது வெந்நீரில் சாகும்

"மாத்திரைக்கே சாகாத கிருமி போர் தண்ணியில வந்துருச்சாம்க்கா. இனி கொதிக்க வச்சா என்ன, வைக்காட்டி என்ன?"

கம்பம் பள்ளத்தாக்கின் அனுமந்தன்பட்டியில் காய்கறி வாங்கப் போனாலும் இந்தக் கேள்விதான், கோயிலுக்குப் போனாலும் இதுதான். கேட்பவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டுவிட்டு, கைக்குழந்தை இருக்கிற வீட்டில்கூட வெந்நீர் வைப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

நம்பிக்கை: மருந்துக்கு அடங்காத கிருமி கொதிநீருக்கும் அடங்காது.

உண்மை: சுத்தப் பொய். ஆய்வகத்தில் கிருமி வளர்த்தே காலம் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நோயாளியின் சிறுநீரில் வளர்ந்த ஈ.கோலை பாக்டீரியாவைத் தட்டில் பூசி, மருந்து ஊறிய பொட்டு அளவு காகித வில்லைகளை அதன்மேல் வைப்போம். மருந்து வேலை செய்தால், மறுநாள் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுந்திருக்கும். வேலை செய்யாவிட்டால், கிருமி வில்லையின் ஓரம்வரை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். ஒரு வட்டம்கூட விழாத தட்டுகளும் உண்டு. அந்தத் தட்டுகளைக் கொட்டும்முன் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் அவிப்போம். அத்தனை சூடும் கெட்டியான வித்துகளைக் கொல்லத்தான். ஈ.கோலைக்கு 70 டிகிரியே அதிகம். ஒரு நிமிடம் தாங்காது.

காரணம் எளிது. மருந்துக்கு அடங்காத கிருமி முக்கியமாகச் செய்வது மூன்று வேலை: மருந்தை நொதியால் வெட்டிப்போடும், உள்ளே வந்ததை வெளியே இறைத்துவிடும், அல்லது மருந்து ஒட்டுகிற இடத்தை மாற்றிக்கொள்ளும். திருடனிடம் சாவி இருக்கிறதென்று பூட்டை மாற்றியவன் வீடு தீப்பிடித்தால் தப்பிவிடுமா? சூடு கிருமியின் புரதத்தையே வேகவைக்கிறது. அதற்கு எந்த மாத்திரையின் கணக்கும் தெரியாது.

தளதளவென்று கொதி வந்தால் போதும். பிறகு மூடி வைத்து ஆறவிடுங்கள். மேகமலை உச்சியில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவும் போதும். குளோரினும் அப்படியே. 1,000 லிட்டர் தொட்டிக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 4 கிராம் கரைத்து, தெளிந்ததை ஊற்றி அரை மணி நேரம் விட்டால் சாதாரணக் கிருமியும் சாகும், 'சூப்பர்' கிருமியும் சாகும். பை பிரித்துப் பல மாதமான பவுடரைக் கொட்டிவிட்டுக் கிருமியைக் குறை சொல்லாதீர்கள்.

வதந்தியில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. டெல்லியில் 2010-ல் எடுத்த நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-லும் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே செயலிழக்க வைக்கிற மரபணு அது. ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம்வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-ல் அறிவித்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இது. ஆகவே மண்ணிலும் நீரிலும் இப்படிப்பட்ட கிருமி இருப்பது உண்மை. கொதிக்கவைத்துப் பயனில்லை என்ற முடிவுதான் பொய்.

உண்மையான ஆபத்து வேறு மாதிரி வரும். இந்தக் கிருமியைக் குடித்தவருக்கு அன்றைக்கே வயிற்றுப்போக்கு வரவேண்டும் என்பதில்லை. அது குடலில் சத்தமில்லாமல் குடியேறிவிடும். மாதங்கள் கழித்துச் சிறுநீர்த் தொற்றோ அறுவை சிகிச்சையோ வரும்போது வெளியே வரும். அப்போது மாத்திரை கேட்காது, ஊசிதான். ஊசியும் கேட்காமல் போகலாம். வெந்நீர் வைக்கச் சொல்வது அதனால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: 600 அடி போர் தண்ணீரில் கிருமி இருக்காது.

உண்மை: நம் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் ஓடும் தண்ணீரை மணல் போல வடிகட்ட ஆளில்லை. கேசிங் பைப்பைப் பாதியில் நிறுத்தி, பக்கத்திலேயே அடிப்பூச்சு இல்லாத செப்டிக் டேங்கையும் தோண்டினால் ஆழம் காப்பாற்றாது. தண்ணீரைச் சோதிக்கும் எச்.டூ.எஸ் குப்பியில் உங்கள் போர் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால், மலம் கலந்திருக்கலாம் என்று பொருள்.

நம்பிக்கை: மாத்திரை போடாதவனுக்கு இந்தக் கிருமி வராது.

உண்மை: மருந்துக்குப் பழகுவது கிருமி, நீங்களல்ல. பக்கத்து வீட்டுக்காரர் வளர்த்த கிருமி உங்கள் கிணற்றுக்கும் வரும்.

நம்பிக்கை: கோழி எரு இயற்கை உரம், பயமில்லை.

உண்மை: கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால் எருவிலும் மருந்தும் கிருமியும் இருக்கும். கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழித் தீவனத்தில் கலப்பதை 2019-ல் மத்திய அரசு தடை செய்ததே கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். எருவைக் குவித்து, சூடேற விட்டு, புரட்டிப்போட்டு மக்கவைத்த பிறகு திராட்சைத் தோட்டத்தில் போடுங்கள்.

நம்பிக்கை: கெட்ட மண்ணையும் கிணற்றையும் நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றிச் சரிசெய்துவிடலாம்.

உண்மை: எண்ணெய் கசிந்த மண்ணில் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன, டெரி நிறுவனத்தின் 'ஆயில்சாப்பர்' அப்படி வந்ததுதான். ஆனால் எண்ணெய் தின்னும் வகைகளில் சில, சூடோமோனாஸ் ஏருஜினோசா மாதிரி, பலவீனமானவர்களுக்கு நோய் தருபவை. பல மருந்துகளுக்கு இயல்பாகவே அடங்காதவை. ஆய்வகம் சோதித்துத் தேர்ந்ததை நிபுணர்கள் பயன்படுத்துவது வேறு, லேபிள் இல்லாத கேனை வாங்கிக் குடிநீர்க் கிணற்றில் கவிழ்ப்பது வேறு.

கிருமி மருந்துக்கு அடங்காமல் போவதில் உலோகமும் கூட்டாளி. செம்பையும் பாதரசத்தையும் தாங்கும் மரபணுவும், மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல கிருமிகளில் ஒரே துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்தே படாத மண்ணிலும் உலோகம் இருந்தால் அந்தக் கிருமிகள் பெருகலாம். திராட்சைக் கொடிக்கு ஆண்டாண்டாய் மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடிக்கிற ஊர் நம்முடையது. 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணில் பாதரசம் கலந்திருந்தது. பாம்பார் சோலைக்கு மேலே நின்ற ஆலை அது. பாம்பாறு கும்பக்கரை வழியாக நம் மாவட்டத்துக்குத்தான் இறங்குகிறது. அந்த மண்ணைச் சுத்தம் செய்வதற்கு ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் மிஞ்சலாம் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். அங்கே இப்படிக் கிருமி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சுத்தம் செய்கிற இடங்களில் உலோகத்தோடு கிருமியையும் சோதியுங்கள் என்கிறேன்.

கடைசியாக என் பழைய புலம்பல். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லில் இலைக் கருகல் வந்தால் கை எங்கே போகிறது? பூச்சிமருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவைக்கு. மனிதருக்குக் கொடுக்கும் மருந்தைப் பயிருக்குத் தெளிப்பதை நிறுத்த 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வரைவாணை போட்டது. நெல்லுக்கு மட்டுமா? சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டில்லாமல் "ரெண்டு மாத்திரை கொடுங்கண்ணே" என்று வாங்கி, மிஞ்சியதைச் சாக்கடையில் எறிகிறோம். குமுளி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2024-ல் 'ஆபரேஷன் அம்ரித்' தொடங்கி, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்கிறது. இந்தப் பக்கம் நாம் வெந்நீரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறோம். சந்தேகம் வந்தால் மருந்துக் கடைக்காரரிடம் வரட்டும். அடுப்பைப் பற்றவையுங்கள்; டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்.