நாய்களுடன் தென்துருவத்துக்கு: காரணங்காட்டிக் கட்டுரை எழுதுதல்



"மனிதனது பயணங்களுக்கு விலங்குகள் துணைநின்ற சந்தர்ப்பம் ஒன்றினை விளக்குக" என்பது போன்ற தலைப்பொன்று தரப்பட்டால், "நாய் நன்றியுள்ள பிராணி" என்றே பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவர். அவ்வாக்கியம் பிழையானதன்று. ஆயினும் அது எதனையும் விளக்குவதில்லை. நன்றியுணர்வு மட்டும் போதுமென்றால், நாய்களைக் கொண்டுசென்ற எல்லாப் பயணிகளும் நலமாகத் திரும்பியிருக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை.

1911 ஆம் ஆண்டில் தென்துருவத்தை நோக்கி இரு குழுக்கள் புறப்பட்டன. இரு குழுக்களிடமும் நாய்கள் இருந்தன. ஒரு குழு துருவத்தை அடைந்து நலமாகத் திரும்பியது. மற்றைய குழுவில் துருவம் வரை சென்ற ஐவரும் திரும்பும் வழியில் இறந்தனர். இவ்வேறுபாட்டுக்கான காரணங்களைத் தேடுவதே இப்பாடமாகும். தகவல்களை மனனம் செய்வதோடு நின்றுவிடாது, ஒவ்வொரு தகவலையும் "ஏன்?" என்ற கேள்வியோடு வாசியுங்கள்.

1. பின்னணி

அந்தாட்டிக்காக் கண்டம் மிகக் குளிரானதும், காற்று மிகுந்ததும், மனிதக் குடியிருப்பு இல்லாததுமான நிலப்பரப்பாகும். கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல மரமோ புல்லோ வேட்டையாடத்தக்க விலங்கோ கிடையாது. ஆகவே பயணி தனக்கும் தன்னுடன் வரும் விலங்குக்கும் தேவையான முழு உணவையும் சுமந்தே செல்லவேண்டும். உணவு கூடினால் சுமை கூடும். சுமை கூடினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மேலும் உணவு வேண்டும். தென்துருவப் பயணத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே. இதனை முதலில் விளங்கிக்கொண்டால் ஏனைய யாவும் எளிதில் விளங்கும்.

நோர்வே நாட்டவரான ரோல்ட் அமுண்ட்சன் 97 கிறீன்லாந்து நாய்களுடன் 1910 ஆகஸ்ட் மாதம் 'பிராம்' என்னும் கப்பலில் நோர்வேயை விட்டுப் புறப்பட்டார். வழியில் குட்டிகள் ஈனப்பட்டமையால், 1911 ஜனவரியில் அந்தாட்டிக்காவின் திமிங்கிலக் குடாவை அடைந்தபோது நாய்களின் தொகை 116 ஆக உயர்ந்திருந்தது. பிரித்தானியக் கடற்படை அதிகாரியான ரொபேர்ட் ஸ்கொட்டோ 19 சிறுகுதிரைகள், 3 மோட்டார் சறுக்குவண்டிகள், முப்பதுக்கு மேற்பட்ட நாய்கள் ஆகியவற்றைக் கொண்டுசென்றார். எனினும் அவரது திட்டத்தில் நாய்களுக்கு முதன்மை இடம் வழங்கப்படவில்லை.

2. பனிப்பாலைக்கு நாய் பொருந்துவது ஏன்?

(அ) உணவு: நாய் இறைச்சி உண்ணும் பிராணி. அந்தாட்டிக்காவின் கரையோரத்தில் சீல் எனப்படும் கடல்நாய்கள் ஏராளம். ஆகவே நாய்க்குரிய உணவின் பெரும்பகுதியை அங்கேயே பெறமுடிந்தது. குதிரைக்கோ புல்லும் தானியமும் வேண்டும். அவை முழுவதையும் கப்பலிலே கொண்டுவர வேண்டியிருந்தது.

(ஆ) உடலமைப்பு: நாய் தோலினால் வியர்ப்பது மிகக் குறைவு. நாக்கை வெளியே நீட்டி இளைப்பதன் மூலமே அது உடல் வெப்பத்தைத் தணிக்கும். குதிரை உடல் முழுவதும் வியர்க்கும். அவ்வியர்வை கடுங்குளிரில் அதன் உடலிலேயே உறையும். கிறீன்லாந்து நாய் சுருண்டு படுத்து, வாலினால் மூக்கை மூடிக்கொண்டு, தன்மேல் பனி படிந்தாலும் உறங்கும். குதிரையைக் காற்றிலிருந்து காக்க, ஒவ்வொரு தங்குமிடத்திலும் பனிக்கட்டிச் சுவர் கட்டவேண்டியிருந்தது.

(இ) நிறை: குதிரையின் குளம்புகள் மென்பனியில் ஆழப் புதையும். நிறை குறைந்த நாய் மேற்பரப்பிலேயே ஓடும். பனிப்பிளவுகளை மூடியுள்ள மெல்லிய பனிப்படையைக் கடப்பதற்கும் இது உதவியது.

கவனிக்க: மேலே ஒவ்வொரு காரணத்தின் கீழும் ஓர் ஒப்பீடு உள்ளது. "நாய் சிறந்தது" என்று மட்டும் எழுதுவது கூற்று. "எதனைவிட, எவ்வகையில்" என்று காட்டுவதே விளக்கம்.

3. நாய் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. இதற்கு ஸ்கொட்டின் முதலாவது பயணமே சான்றாகும். அவர் 1902 நவம்பரில் இரு தோழர்களுடனும் 19 நாய்களுடனும் தெற்கு நோக்கிச் சென்றார. மூவருக்கும் நாய் ஓட்டுவதில் போதிய பயிற்சி இருக்கவில்லை. நாய்களுக்கென எடுத்துச்சென்ற கருவாடும் கப்பற் பயணத்தின்போதே பழுதடைந்துவிட்டது. 1903 பெப்ரவரியில் அவர்கள் திரும்பியபோது ஒரு நாயேனும் எஞ்சவில்லை. இவ்வனுபவத்தின் பின் ஸ்கொட்டுக்கு நாய்கள்மீது நம்பிக்கை குறைந்தது. உண்மையில் அங்கு குறைவாக இருந்தது நாயின் ஆற்றலன்று. நாயைப் பற்றிய அறிவே.

அமுண்ட்சன் அவ்வறிவை உரியவர்களிடமே கற்றார். 1903 முதல் 1906 வரை கனடாவின் வடபகுதிக் கடல்வழியே பயணஞ்செய்தபோது, நெற்சிலிக் இனுயிற் மக்களோடு பழகி, நாய்களைக் கையாளும் முறையையும் விலங்குத் தோலாடை அணியும் முறையையும் அறிந்துகொண்டார். தென்துருவப் பயணத்துக்கு நாய் ஓட்டுவதில் தேர்ந்தவர்களையும் பனிச்சறுக்கு வீரரையும் தெரிவுசெய்தார். அடையாளம் எதுவுமற்ற வெண்சமவெளியில் நாய்கள் நேராக ஓடத் தயங்கும். முன்னால் ஒருவர் சறுக்கிச் சென்றால் அவரைப் பின்தொடர்ந்து உற்சாகமாக ஓடும். இந்நுணுக்கத்தை அறிந்தே அவர் ஆட்களைச் சேர்த்தார்.

அமுண்ட்சனும் தவறிழைத்தார் என்பதை மறக்கலாகாது. ஸ்கொட் முந்திவிடுவார் என்ற அச்சத்தால், குளிர்காலம் முற்றாக நீங்குமுன் 1911 செப்ரெம்பர் 8 ஆம் திகதி அவர் புறப்பட்டார். வெப்பநிலை மறை 56 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. நாய்களின் பாதங்கள் குளிரினாற் புண்ணாகின; சில நாய்கள் இறந்தன. குழு முகாமுக்குத் திரும்ப நேர்ந்தது. நாய் பேசாது, ஆனால் அதன் பாதம் பேசும். அதனைப் பார்த்துத் திரும்பியமையாற்றான் அடுத்த பயணம் சாத்தியமாயிற்று.

4. வெற்றிப் பயணம்

கால ஒழுங்கினை மனத்திற் பதித்துக்கொள்க.

1911 பெப்ரவரி – ஏப்ரல்: 80, 81, 82 ஆகிய தென் அகலக்கோடுகளில் உணவுக் களஞ்சியங்கள் அமைக்கப்பட்டன. வழிதவறி வந்தாலும் கண்டுபிடிக்கும் வகையில் குறுக்குவரிசையாகக் கொடிகள் நாட்டப்பட்டன.
1911 ஒக்டோபர் மூன்றாம் வாரம்: ஐவர், 4 சறுக்குவண்டிகள், 52 நாய்களுடன் புறப்பாடு.
1911 நவம்பர்: அக்செல் ஹைபேர்க் பனிக்கட்டியாற்றின் வழியே உயர் மேட்டுநிலத்துக்கு ஏறுதல்.
1911 டிசம்பர் 14: தென்துருவத்தை அடைதல்.
1912 ஜனவரி 25: 11 நாய்களுடன் முகாமுக்குத் திரும்புதல். பயணக்காலம் 99 நாட்கள்.

ஸ்கொட்டின் பயணத்தை இதனோடு ஒப்பிடுக. மோட்டார் வண்டிகளுள் ஒன்று கப்பலிலிருந்து இறக்கும்போதே கடலில் மூழ்கியது. ஏனைய இரண்டும் பயணத்தின் ஆரம்பத்திலேயே பழுதடைந்தன. குதிரைகள் குளிரைத் தாங்கமாட்டா என்பதால் ஸ்கொட் நவம்பர் 1 ஆம் திகதி வரை காத்திருந்தார். எஞ்சிய குதிரைகள் டிசம்பர் 9 ஆம் திகதி பியர்ட்மோர் பனிக்கட்டியாற்றின் அடிவாரத்திற் கொல்லப்பட்டன. திட்டமிட்டதைவிடத் தூரம் வந்திருந்த நாய்கள் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டன. அதன்பின் மனிதர்களே வண்டிகளை இழுத்தனர். 1912 ஜனவரி 17 இல் துருவத்தை அடைந்தபோது நோர்வேக் குழுவினர் விட்டுச்சென்ற கூடாரம் அங்கு நின்றது.

5. இரக்கமும் கணக்கும்

இப்பாடத்தின் மிகக் கடினமான பகுதி இதுவாகும். நிதானமாக வாசியுங்கள்.

1911 இன் முற்பகுதியில் ஸ்கொட்டின் குழு 80 பாகை அகலக்கோட்டில் பெரிய களஞ்சியமொன்றை அமைக்கத் திட்டமிட்டிருந்தது. வழியிற் குதிரைகள் தளர்ந்தன. தளர்ந்தவற்றைக் கொன்றேனும் முன்னேற வேண்டும் என்று குதிரைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஓட்ஸ் வற்புறுத்தினார். விலங்குகளை மேலும் வருத்த ஸ்கொட் விரும்பவில்லை. களஞ்சியம் குறித்த இடத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே அமைக்கப்பட்டது. 1912 மார்ச் மாத இறுதியில் ஸ்கொட்டும் எஞ்சிய இரு தோழர்களும் அக்களஞ்சியத்தை அடைவதற்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் இருக்கும்போது கூடாரத்தினுள் இறந்தனர். திட்டமிட்ட இடத்தில் அது இருந்திருப்பின் அவர்கள் அதனைக் கடந்தே வந்திருப்பர்.

மறுபுறம் அமுண்ட்சன் நாய்களை வண்டி இழுக்கும் பிராணியாக மட்டுமன்றி, வழி உணவாகவும் ஆரம்பத்திலேயே கணக்கிட்டிருந்தார். சுமை குறையக் குறைய நாய்களின் தொகையும் குறைக்கப்பட்டது. 3,000 மீற்றருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் 24 நாய்கள் ஒரே நாளிற் சுடப்பட்டன. 18 நாய்களே மேலே சென்றன. இறைச்சி மற்றைய நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாயிற்று. புதிய இறைச்சியிலுள்ள உயிர்ச்சத்து சி அவர்களை ஸ்கேவி நோயிலிருந்து காத்தது. அன்று துப்பாக்கி ஓசை காதில் விழாதிருக்கத் தாம் அடுப்பை ஓசை எழும்படி எரியவிட்டதாக அமுண்ட்சனே எழுதியுள்ளார். நாய்களோடு மாதக்கணக்கில் வாழ்ந்த அவர்கள் அதனை வருத்தமின்றிச் செய்யவில்லை என்பதற்கு இது சான்று. கசாப்புக்கடை என்றே அவ்விடத்துக்குப் பெயரிட்டனர்.

"அமுண்ட்சன் கொடியவர், ஸ்கொட் நல்லவர்" என்றோ, "ஸ்கொட் அறிவற்றவர்" என்றோ எழுதுவது தவறாகும். ஸ்கொட்டின் குதிரைகளும் இறுதியிற் கொல்லப்பட்டு உணவாயின. அத்துடன் ஸ்கொட் குழுவினரின் மரணத்துக்கு வழமையிலும் கடுமையான மார்ச் மாதக் குளிர், எரிபொருட் குறைவு, போதாத உணவு ஆகியனவும் காரணங்களாகும். ஒரு நிகழ்வுக்கு ஒரே காரணம் கூறுவதைத் தவிர்க்க.

நாய்கள் பிற்காலத்திலும் அந்தாட்டிக்காவிற் பயன்படுத்தப்பட்டன. அங்குள்ள சீல்களுக்கு நாய்களிலிருந்து நோய் பரவலாம் என்ற அச்சத்தால், 1991 இற் கைச்சாத்தான சூழற் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு அமைய 1994 ஏப்ரல் 1 ஆம் திகதிக்குள் அவை முற்றாக அகற்றப்பட்டன. துருவத்துக்கு வழிதிறந்த பிராணிக்கு இன்று அங்கு இடமில்லை.

6. விடை எழுதும் முறை

வினா: "அமுண்ட்சனின் வெற்றிக்கு நாய்கள் எவ்வாறு காரணமாயின? விளக்குக."

சாதாரண விடை: நாய்கள் மிகவும் பலசாலிகள். அவை வண்டிகளை வேகமாக இழுத்தன. ஆகவே அமுண்ட்சன் வென்றார்.

சிறந்த விடையின் ஒரு பந்தி: தென்துருவப் பயணத்தின் பிரதான சிக்கல் உணவைச் சுமந்து செல்வதாகும். நாய்கள் இறைச்சி உண்பன; ஆதலால் கரையோரத்திற் கிடைத்த சீல் இறைச்சி அவற்றுக்கு உணவாயிற்று. ஸ்கொட்டின் குதிரைகளுக்கோ தீவனம் முழுவதையும் கப்பலிற் கொண்டுவர வேண்டியிருந்தது. எனினும் நாய்கள் இருந்தமை மட்டும் வெற்றிக்குக் காரணமன்று. அவற்றைக் கையாளும் முறையை இனுயிற் மக்களிடமிருந்து அமுண்ட்சன் கற்றிருந்தமையும், பயிற்சி பெற்றோரைச் சேர்த்துக்கொண்டமையும் அதேயளவு முக்கியமானவை. புறப்பட்ட 52 நாய்களுள் 11 மட்டுமே திரும்பின என்பதிலிருந்து அவ்வெற்றியின் விலையை உணரலாம்.

இரண்டாவது விடையிற் சிக்கல், காரணம், ஒப்பீடு, மறுபக்கம், மதிப்பீடு என்னும் ஐந்தும் ஒழுங்காக வந்துள்ளன. எந்தத் தலைப்புக்கும் இவ்வொழுங்கைக் கையாளலாம்.

7. பயிற்சி

1. பனிப்பாலைப் பயணத்துக்குக் குதிரையைவிட நாய் பொருத்தமானது என்பதற்கு மூன்று காரணங்கள் தருக.
2. 1902 – 1903 பயணத்தில் ஸ்கொட்டின் நாய்கள் அழிந்தமைக்கான இரு காரணங்களைக் குறிப்பிடுக.
3. "நாய் பேசாது, ஆனால் அதன் பாதம் பேசும்." இக்கூற்றின் பொருளை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.
4. பகுதி 5 ஐ மூன்றிலொரு பங்காகச் சுருக்குக.
5. "தன்னை நம்பி வந்த விலங்கைக் கொல்லத் திட்டமிட்டுப் பயணம் செய்வது நியாயமானதா?" உமது கருத்தைக் காரணங்காட்டி 200 சொற்களில் எழுதுக.

ஐந்தாம் வினாவுக்கு ஆம் என்றும் எழுதலாம், இல்லை என்றும் எழுதலாம். பரீட்சகர் நீங்கள் எப்பக்கம் நிற்கிறீர்கள் எனப் பார்ப்பதில்லை. அங்கு நிற்பதற்கு என்ன காரணம் காட்டுகிறீர்கள் என்றே பார்ப்பார். எழுதத் தொடங்குமுன், அந்தப் பதினொரு நாய்களையும் கூடாரத்தினுள் இறந்து கிடந்த மூன்று மனிதர்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.